ஓர் அட்டை, ஒன்பது பேர்: பொழுதுபோக்குப் பூங்கா வரிசையில் எது நியாயம்?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் மகனுக்கு 11 வயது. ஆட்டிசம் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு கொடுக்கும் யு.டி.ஐ.டி. அடையாள அட்டையும் வைத்திருக்கிறோம். போன வருடம் சென்னைப் பக்கம் ஒரு பூங்காவுக்குப் போனோம். அட்டையைப் பார்த்ததும் ஊழியர் பக்கவழியாக உள்ளே விட்டார். வரிசையில் நின்றவர் ஒருவர், 'பையன் நல்லாத்தான கீறான், இவனுக்கு இன்னா தனி வழி?' என்று கத்தினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதியிலேயே வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம். இந்த மே மாதம் அண்ணன் குடும்பத்தோடு சேர்ந்து ஒன்பது பேர் போகப் போகிறோம். 'அட்டைதான் இருக்கே, எல்லாருமே முன்னாடி போயிடலாம்' என்கிறார் அண்ணன். 8 வயது மகளோ, 'அண்ணா வந்தாத்தான் நமக்கு லைன் கிடையாதாம்மா?' என்று கேட்கிறாள். அட்டையைக் காட்டலாமா? காட்டினால் வெயிலில் நிற்பவர்களுக்குச் செய்யும் அநியாயமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

அட்டையைக் காட்டுங்கள். ஆனால் ஒன்பது பேருக்காகக் காட்டாதீர்கள். உங்கள் மகனுக்கும் அவனோடு ஏறும் ஒருவருக்கும் மட்டும் கேளுங்கள். கேட்கும்போதும் "முன்னால் விடுங்கள்" என்று கேட்காமல், "வேறு இடத்தில் காத்திருக்க விடுங்கள்" என்று கேளுங்கள். உங்கள் மனதை உறுத்துகிற கேள்விக்கு இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் பதில் இருக்கிறது.

பூங்கா வரிசையில் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு எது கடினம் என்று முதலில் பார்ப்போம். இடுப்பளவு இரும்புக் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பாதை. முன்னாலும் பின்னாலும் ஒரு சாண் இடைவெளியில் அறிமுகமில்லாத உடம்புகள். தலைக்கு மேல் ஸ்பீக்கர், ஊழியரின் விசில், ரைடில் இருப்பவர்களின் அலறல். நடுவில் வெளியேற வழி தெரியாது, எப்போது முடியும் என்பதும் தெரியாது. மற்ற பிள்ளைகளுக்கு அந்த 40 நிமிடம் சலிப்பு, அவ்வளவுதான். இவனுக்கோ ஒவ்வொரு நிமிடமும் சுமை ஏறிக்கொண்டே போகும். ரைடின் வாசலுக்கு வரும்போது ஏறுகிற நிலையிலேயே இருக்க மாட்டான். அதே பிள்ளையை வேப்பமர நிழலில், கையில் அவனுக்குப் பிடித்த பொருளோடு உட்காரவைத்தால் 40 நிமிடம் இருந்துவிடுவான். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிக்கல் காத்திருப்பதில் இல்லை, காத்திருக்கும் இடத்தில்தான்.

எல்லாப் பிள்ளைகளும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ரைடு கண்ணில் பட்டபின் எந்த இடத்திலும் காத்திருக்க முடியாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு நேரடி அனுமதி தேவைப்படலாம். உங்கள் மகன் எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும். கேட்பதற்கு முன் அதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போது நியாயத்துக்கு வருவோம். இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு ரைடில் ஒரு சுற்றுக்கு 24 பேர், ஏற்றி ஓட்டி இறக்க 4 நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு 15 சுற்று, 360 பேர். வரிசையில் 180 பேர் நின்றால் கடைசி ஆள் 30 நிமிடம் நிற்பார். நீங்களும் மகனும் மட்டும் பக்கவழியாக ஏறினால் அவருக்குக் கூடுவது 20 விநாடி. ஒன்பது பேர் ஏறினால் ஒன்றரை நிமிடம். ஒன்றரை நிமிடம்தானே என்று அண்ணன் சொல்லலாம். ஆனால் அன்று அட்டையோடு வந்திருப்பது உங்கள் குடும்பம் மட்டுமாக இருக்காது. ஒரு மணி நேரத்தில் பத்துக் குடும்பங்கள் இரண்டிரண்டு பேராக ஏறினால் 20 இடம் போகும். கடைசி ஆளின் காத்திருப்பு ஏறக்குறைய 32 நிமிடமாகும். அதே பத்துக் குடும்பங்கள் ஒன்பது ஒன்பது பேராக ஏறினால் 90 இடம் போய்விடும். அவர் 40 நிமிடம் நிற்பார். பத்து நிமிடம் கூடுதலாகக் கம்பிக்குள் நிற்கும் பிள்ளைகளின் அப்பா கோபப்படுவதில் வியப்பில்லை. அந்தக் கோபம் உங்கள் அண்ணன் மீது விழாது. கண்ணுக்குத் தெரியும் உங்கள் மகன் மீதுதான் விழும்.

இதையே 'வெளியே காத்திருந்து வருகிறோம்' என்ற முறையில் செய்தால் அந்த 20 விநாடியும் இல்லை. வரிசையில் நின்றிருந்தால் எந்த இரண்டு இருக்கைகளை எடுத்திருப்பீர்களோ, ஏறக்குறைய அதே நேரத்தில் அதே இரண்டைத்தான் எடுக்கிறீர்கள். யாருடைய இடத்தையும் நீங்கள் பறிக்கவில்லை.

இதை அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்கள் அனுபவப்பட்டுத்தான் கற்றுக்கொண்டன. அங்கே 2013 வரை இருந்த உதவி அட்டையைக் காட்டினால் பல ரைடுகளில் உடனே ஏறிவிடலாம். அந்த ஆண்டு மே மாதம், வசதியான குடும்பங்கள் மாற்றுத்திறனாளி ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, அவரோடு சேர்ந்து வரிசையைத் தாண்டுவதாக நியூயார்க் போஸ்ட் செய்தி வெளியிட்டது. அக்டோபரில் அந்த அட்டை நின்றது. அதற்குப் பதில், வரிசை எவ்வளவு நீளமோ அந்த அளவுக்குப் பின்னால் ஒரு நேரம் குறித்துக் கொடுத்து, அதுவரை வேறெங்கும் இருந்துவிட்டு வரச் சொல்லும் டி.ஏ.எஸ். முறை வந்தது. காத்திருக்கவே முடியாத பிள்ளைகளுக்கு இது போதாது என்று சில குடும்பங்கள் நீதிமன்றம் போயின. ஒரு வழக்கில் 2020இல் புளோரிடா நீதிமன்றம் டிஸ்னி பக்கம் தீர்ப்பளித்தது. 2024இல் விதி இன்னும் இறுகியது: ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கே முதன்மையாக டி.ஏ.எஸ். என்றானது; பொய் சொன்னது தெரிந்தால் நிரந்தரத் தடை. குடல் நோய், வலிப்பு போன்ற கண்ணுக்குத் தெரியாத சிக்கல் உள்ள பலர் இதனால் வெளியே தள்ளப்பட்டதாக முறையிட்டார்கள். சிலர் தாராளமாகப் பயன்படுத்தியதற்கான விலையை உண்மையிலேயே தேவைப்பட்ட வேறு சிலர் கொடுத்தார்கள். அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். ஒன்பது பேர் யோசனையில் எனக்குள்ள மறுப்பு இதுதான்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லலாம். பல பூங்காக்கள் கூடுதல் கட்டணத்துக்கு விரைவு டிக்கெட் விற்கின்றன. மணிக்கு 90 பேர் அந்த டிக்கெட்டில் ஏறினாலும் கடைசி ஆளுக்கு அதே 40 நிமிடம்தான். அதைப் பார்த்து யாரும் கத்துவதில்லை. காசு கொடுத்தவருக்குக் கிடைக்கும் மரியாதை ஒரு பிள்ளையின் தேவைக்குக் கிடைக்கவில்லை என்பது வருத்தப்பட வேண்டிய விஷயம். அண்ணனுக்கு அவசரம் என்றால் அந்த டிக்கெட்டை அவர் குடும்பத்துக்கு வாங்கிக்கொள்ளட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பொதுமக்கள் வந்துபோகும் பொழுதுபோக்கு இடங்களையும், அவை தனியாருடையவையாக இருந்தாலும், தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. 'வரிசையில் முதலிடம்' என்று அதில் ஒரு வரியும் இல்லை. இருப்பது 'நியாயமான வசதி': அளவுக்கு மீறிய சுமை இல்லாமல், ஒருவருடைய தேவைக்கு ஏற்றபடி செய்து தரவேண்டிய மாற்றம். அது ஒவ்வொருவருக்கும் வேறுபடும். சக்கர நாற்காலியில் வருபவர் வரிசை நேரம் முழுக்கக் காத்திருக்கத் தயாராக இருப்பார். அவருக்குத் தேவை படியில்லாத வழி. உங்கள் மகன் படி ஏறுவான். அவனுக்குத் தேவை நெரிசல் இல்லாத இடம். இந்த வசதியைக் கேட்க, குறைபாடு குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்ற வரம்பும் கட்டாயமில்லை என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோவதற்கான அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் சொன்னது. ஆகவே நீங்கள் கேட்பது தயவு அல்ல. அதே சட்டத்தின் 91ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கான பயனை மோசடியாகப் பெறுபவருக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம்.

நம் பக்கப் பூங்காக்களில் டிஸ்னி போல எழுதிவைத்த ஒரே சீரான முறை கிடையாது. அன்றைக்குப் பணியில் இருக்கும் மேலாளரும் ரைடு ஊழியரும் எடுப்பதே முடிவு. அதனால் கேட்பதை ரைடின் வாசலில் கேட்காதீர்கள். அங்கே நிற்கும் ஊழியருக்கு அதிகாரமும் இல்லை, நேரமும் இல்லை. பின்னால் நிற்பவர்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். போன முறை கோளாறு தொடங்கியது பெரும்பாலும் அங்கேதான். பத்து நாள் முன்பே பூங்காவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான்கு வரி போதும்: "எங்கள் மகன், வயது 11, உயரம் இவ்வளவு. ஆட்டிசம் உள்ளவன், அட்டை நகல் இணைத்துள்ளோம். நெரிசலான வரிசையில் 10 நிமிடத்துக்கு மேல் நிற்க இயலாது. வரிசையில் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் வெளியே காத்திருந்து, துணைக்கு ஒருவரோடு ஏற அனுமதி வேண்டும். எந்த ரைடுகளில் எந்த வாயில் வழியாக வரவேண்டும் என்று தெரிவிக்கவும்." 10 நிமிடம் என்பது எடுத்துக்காட்டு, உங்கள் மகனுக்குப் பொருந்தும் எண்ணைப் போடுங்கள். மருத்துவ அறிக்கைகளை அனுப்ப வேண்டாம். அட்டையிலேயே குறைபாட்டின் வகையும் சதவீதமும் இருக்கிறது, அது போதும். இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் போன் செய்து, பேசியவர் பெயரைக் குறித்துக்கொண்டு, பேசியதையே மறுபடி மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள். அந்தப் பதிலை அச்செடுத்து அட்டையோடு ஒரே உறையில் வையுங்கள்.

அட்டையையும் இன்றே எடுத்துப் பாருங்கள். சின்ன வயதில் கொடுத்த சான்றுக்குக் காலக்கெடு போட்டிருந்தால் அது முடிந்திருக்கலாம். முடிந்திருந்தால் யு.டி.ஐ.டி. அட்டைக்கான ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் புதுப்பிக்க விண்ணப்பித்து, வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மறுமதிப்பீட்டுக்கு நாள் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஆற்காடு, வாலாஜா பக்கத்து வாசகர்கள் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். 2019இல் மாவட்டம் பிரிந்தபின் வேலூரில் வந்து நின்று திரும்பிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பூங்காவில் நேரம் குறித்துக் கொடுக்கும் ஏற்பாடு இல்லையென்றால் அதை நீங்களே செய்துகொள்ளலாம். உங்கள் கணவர் வரிசையில் நிற்கட்டும். நீங்களும் மகனும் நிழலில் இருங்கள். அவர் வாசலுக்கு வந்ததும் போன் செய்வார். மகன் போய்ச் சேர்ந்து அவரோடு ஏறுவான். நடைமுறையில் இது மூன்று இடத்தில் உடையும். ஒன்று, பின்னால் நிற்பவர்கள் கடைசி நேரத்தில் ஒரு ஆள் புகுவதைப் பார்த்துச் சண்டை பிடிப்பார்கள். அதனால் வரிசையில் சேர்ந்த உடனேயே கணவர் பின்னால் இருப்பவரிடம், "பையன் ஒருத்தன் வாசல்ல வந்து சேருவான், நெரிசல் தாங்க மாட்டான்" என்று சொல்லிவிட வேண்டும். முதலிலேயே சொன்னால் பெரும்பாலோர் தலையாட்டிவிடுவார்கள். இரண்டு, பையனைக் கம்பிகளுக்கு நடுவே ஆட்களை விலக்கிக்கொண்டு கூட்டிப்போகக் கூடாது. இறங்குகிற வழியாகவோ ஊழியர் காட்டும் பக்க வாயிலிலோதான் சேர வேண்டும், அதற்கு ஊழியரிடம் முன்னாடியே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். மூன்று, போன் லாக்கரில் இருக்கும். நீர் புகாத பை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

நாள் தேர்வுக்கு வருகிறேன். மே மாதம் வேண்டாம் என்றே சொல்வேன். குடியாத்தம் வெயிலுக்குப் பழகிய பிள்ளையானாலும் அக்னி நட்சத்திரத்தில் சூடேறிய கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்பது வேறு. விடுமுறைக் கூட்டமும் அப்போதுதான் உச்சம். ஜூலையில் ஒரு செவ்வாயோ புதனோ பள்ளிக்கு லீவு போட்டுப் போனால் பல ரைடுகளில் வரிசை பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அட்டையை எடுக்கவே வேண்டியிருக்காது. காலை இங்கிருந்து கிளம்பினால் மூன்று மூன்றரை மணி நேரப் பயணத்திலேயே அவன் களைத்துவிடுவான். முதல் நாள் மாலையே போய்த் தங்கி, பூங்கா திறக்கும்போது வாசலில் இருங்கள். அவனுக்கு மிகப் பிடித்த இரண்டு ரைடுகளை முதல் ஒரு மணி நேரத்தில் முடியுங்கள். மதியம் இரண்டு மணிக்கு அவன் போதும் என்றால் கிளம்புவதற்கு ஒரு வண்டி தயாராக இருக்கட்டும். மற்றவர்கள் இருந்துவிட்டு வரலாம்.

பலர் கோட்டைவிடுவது உடையில். தண்ணீர் விளையாட்டுகளில் பருத்தி உடையை அனுமதிக்க மாட்டார்கள். நைலான் அல்லது அதுபோன்ற நீச்சலுடை வேண்டும். தோலில் ஒட்டும் ஈர நைலானைப் பல ஆட்டிசப் பிள்ளைகளால் தாங்க முடியாது. அங்கே வாடகைக்கு எடுத்து மாட்டினால் அன்றைய நாள் அதோடு முடிந்தது. மூன்று வாரம் முன்பே வாங்கி, கழுத்து லேபிளைத் தையலோடு பிரித்தெடுத்து, மூன்று நான்கு முறை துவைத்து, வீட்டில் குளிக்கும்போது போட்டுப் பழக்குங்கள். மணிக்கட்டில் ஒட்டும் டிக்கெட் பட்டையையும் பிய்த்துப் போடுவான் என்றால், கணுக்காலில் ஒட்டலாமா என்று கவுன்ட்டரில் கேளுங்கள்.

வரிசைக்கும் பழக்கம் வேண்டும். அட்டை இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். பள்ளியிலும் பேருந்திலும் அவனுக்கு இது தேவை. பேக்கரியில், ஏ.டி.எம்.மில், மூன்று நிமிடத்தில் தொடங்கி ஐந்து, எட்டு என்று மணல் கடிகாரத்தையோ போன் டைமரையோ காட்டி நிற்கவையுங்கள். 'வரிசை, வாசல், ஏறுவது, இறங்குவது, தண்ணீர் குடிப்பது' என்று ஐந்து படங்களை ஒரு பட்டையில் ஒட்டி, முடிந்ததை மடக்கிக்கொண்டே வரலாம். உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வரும் ராட்டினங்களில் ஒத்திகை பார்க்கலாம். சிரசு ஊர்வலம் நடக்கும் அன்று மட்டும் வேண்டாம். கூட்டம் கலைந்து, ராட்டினத்தை இன்னும் கழற்றாத ஒரு நாளில் மதியம் கூட்டிப்போங்கள். பெல்ட் போட்டபின் அவன் அதைக் கழற்ற முயல்கிறானா என்று அங்கேயே தெரிந்துவிடும். கழற்றுகிறான் என்றால் பூங்காவில் வேகமான ரைடு எதிலும் ஏற்ற வேண்டாம். உயரம், தடுப்புக் கம்பி, கைப்பிடி போன்ற பாதுகாப்பு விதிகளை எந்த அட்டையும் தளர்த்தாது, தளர்த்தவும் கூடாது. காது மூடும் ஹெட்போனையும் வேகமான ரைடில் கழற்றச் சொல்வார்கள் என்பதால் அதற்கும் அவனை முன்பே தயார் செய்யுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது கத்தினால்? நோயின் விவரம் சொல்லி நிரூபிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "அனுமதி வாங்கியிருக்கோம், வெளியே காத்திருந்துதான் வர்றோம்" என்ற ஒரே வரி போதும். சொல்லிவிட்டு மகன் பக்கம் திரும்பிவிடுங்கள். மீதியை ஊழியர் பேசட்டும். பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்துவது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்தான். அதை அந்த இடத்தில் எடுத்து வீசினால் கூச்சல்தான் கூடும், கூச்சலில் முதலில் உடைவது உங்கள் பிள்ளை. பூங்கா நிர்வாகமே மறுத்தால் டிக்கெட், மின்னஞ்சல், மறுத்தவர் பெயர், நேரம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட முடியும் என்பதால் சென்னைக்கு அலைய வேண்டாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் ஆலோசனை வேண்டுமானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள்.

உங்கள் மகள் கேட்டதை விட்டுவிடக் கூடாது. தன் அண்ணனால் வரிசை இல்லை என்று அவள் நினைக்கத் தொடங்கினால், அவன் வராத நாள் அவளுக்கு நஷ்டமாகத் தெரியும். அவன் வருகிற நாளில் அவன் ஒரு டிக்கெட்டாகத் தெரிவான். இரண்டும் அவனுக்கு நல்லதல்ல. அவளும் உங்கள் அண்ணன் பிள்ளைகளும் சாதாரண வரிசையில் நிற்கட்டும். மகன் ஏற முடியாத ரைடுகளில் பெற்றோர் மாறி ஏறும் முறை இருக்கிறதா என்று மின்னஞ்சலிலேயே கேளுங்கள்: முதலில் அப்பாவும் மகளும் வரிசையில் நின்று ஏறுவார்கள், நீங்கள் மகனோடு வெளியே இருப்பீர்கள், அவர்கள் இறங்கியதும் அப்பா மகனைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறுவீர்கள். கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் இதே முறை உதவும் என்பதால் ஊழியர்கள் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். ஒரு ரைடையாவது நீங்களும் மகளும் மட்டுமாக, முழு வரிசையும் நின்று ஏறுங்கள். அந்த அரை மணி நேரம் உங்கள் கவனம் முழுக்க அவளுக்கு. "அண்ணாவும் இவ்வளவு நேரம் காத்திருக்கான், அந்த மரத்தடியில" என்று அங்கே நின்றுகொண்டே அவளுக்குக் கைகாட்டிச் சொல்லலாம். எட்டு வயதுக்கு அது புரியும்.